கழுதையைக் கழுதையாகவே இருக்க விடுங்கள்: பழமொழிக்கு 'உண்மைப் பொருள்' சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேடைப் பேச்சாளர்களுக்கும், காணொளி போடும் நண்பர்களுக்கும், 'இந்தப் பழமொழியின் உண்மையான அர்த்தம் தெரியுமா?' என்று காலையிலேயே குடும்பக் குழுவில் அனுப்பிவைக்கும் பெரியப்பா சித்தப்பாக்களுக்கும், அதை நம்பி வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுக்கும் தமிழாசிரியர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பழமொழிகளைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் செய்துவரும் ஒரு வேலை அவற்றை அழித்துக்கொண்டிருக்கிறது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது தப்பாம், கழு என்றொரு கோரைப்புல் உண்டாம், அதில் பாய் தைத்தால் கற்பூரம் மணக்குமாம், ஆகவே 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்பதுதான் சரியாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது தப்பு, ஆயிரம் வேரைக் கொன்றவன். சட்டி தப்பு, சஷ்டி. யானை பூனை தப்பு, ஆநெய் பூநெய். மண் குதிரை தப்பு, மண் குதிர். ஆடிக் காற்றில் அம்மி பறக்காது, அம்மை நோய்தான் பறக்கும். கேட்பவர்கள் 'அட, இத்தனை நாள் இது தெரியாமப் போச்சே' என்று கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலோடு சேர்ந்து ஒரு தீர்ப்பும் விழுகிறது: நம் பாட்டியும் பாட்டனும் காலம்காலமாகத் தப்பாகச் சொன்னார்கள், எழுத்தறியாதவர்கள் வாயில் பட்டுப் பழமொழி கெட்டுப்போனது. எனக்குத் தாங்க முடியாமல் போவது இதுதான்.

முதலில் அந்தக் கழுதையை எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் 'கழுதைக்கு என்ன தெரியும் கஸ்தூரி வாசனை' என்கிறார்கள். தெலுங்கில் அதே கழுதை, வாசனை மட்டும் சந்தனத்துடையது. இந்திக்காரர்கள் குரங்குக்கு இஞ்சியின் ருசி தெரியுமா என்று கேட்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முந்தி, பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையிலேயே சந்தனக்கட்டை சுமக்கும் கழுதைக்குப் பாரம் தெரியும், சந்தனம் தெரியாது என்று வருகிறது. பொருள் புரியாமல் சாஸ்திரங்களைப் படித்துச் சுமக்கிற மருத்துவ மாணவனைப் பற்றி அங்கே அதைச் சொல்கிறார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். 'கழு தைக்க' என்று பிரிப்பது தமிழில் மட்டும்தான் நடக்கும், கன்னடக் கழுதையை எந்தப் புல்லாகவும் பிரிக்க முடியாது. நம் கழுதை மட்டும் புல்லாக இருந்து மருவியது, பக்கத்து ஊர்க் கழுதைகள் எல்லாம் தற்செயலாக அதே வாசனைக் கேள்வியில் வந்து நின்றன என்று நம்பச் சொல்கிறீர்களா? ஒரே கருத்து இந்த மண்ணில் மொழிக்கு மொழி நடந்திருக்கிறது, ஒவ்வோர் ஊரிலும் கைக்குக் கிடைத்த வாசனையை ஏந்திக்கொண்டது. இதுவே எவ்வளவு அழகான சேதி! இதை விட்டுவிட்டு ஏன் பாய் முடையப் போனீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வைத்தியர் விஷயமும் இப்படித்தான். 'சதமாரீ பவேத் வைத்யஹ, சஹஸ்ரமாரீ சிகித்ஸகஹ' என்று வடமொழியில் ஒரு கேலி உண்டு. நூறு பேரைச் சாகடித்தவன் வைத்தியன், ஆயிரம் பேரைச் சாகடித்தவன் தேர்ந்த மருத்துவன் என்று அர்த்தம். எமனாவது உயிரை மட்டும்தான் எடுப்பான், வைத்தியரே நீர் உயிரையும் எடுத்துப் பணத்தையும் எடுக்கிறீர் என்று கும்பிடு போடும் சுலோகமும் இருக்கிறது. அதாவது வைத்தியரைக் கிண்டல் செய்வது இந்த நாட்டில் ஒரு பழைய பழக்கம், நம் பழமொழி அந்தக் கும்பலில் ஒன்று. நோயாளியின் உடம்பில்தான் வைத்தியன் தொழில் கற்கிறான் என்ற பயமும் ஆத்திரமும் அதில் இருக்கின்றன. அதைப் போய் மூலிகை வேராக்கிவிட்டால் அந்தப் பயம் எங்கே போகும்? இன்னொன்று, தமிழில் வேரை யாரும் கொல்வதில்லை. பறிப்பார்கள், கெல்லுவார்கள், இடிப்பார்கள். 'வேரைக் கொன்றவன்' என்று எந்த நாட்டு வைத்தியராவது பேசிக் கேட்டதுண்டா? பீட்டர் பெர்சிவல் 1874இல் சென்னையில் வெளியிட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளின் தொகுப்பில் 'ஆயிரம் பேரைக் கொன்றவன்' என்றுதான் இருக்கிறது. நம் கொள்ளுத்தாத்தாக்களுக்கும் முந்திய தலைமுறை வாயிலிருந்து எழுதிக்கொண்டது அது.

பெர்சிவல் பாதிரியார், வெளிநாட்டுக்காரர், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. சரி, கேளுங்கள். அவர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்தவர், ஆறுமுக நாவலரை அருகில் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். அவரை ஒதுக்கினாலும் 1894இல் லாசரஸ் தொகுத்தது இருக்கிறது, 1897இல் ஹெர்மன் யென்சன் வகைபிரித்துப் போட்டது இருக்கிறது, அப்புறம் கி.வா.ஜகந்நாதன் நான்கு தொகுதியாகச் சேர்த்து வைத்தது இருக்கிறது. பெரும்பாலும் இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைப்பவை. ஒரு காணொளி எடுக்க விளக்கும் ஒலிவாங்கியும் வைத்து நேரம் செலவழிக்கிறவர்கள், அதற்கு முன் இந்தப் புத்தகங்களில் ஒன்றைத் திறந்து பழைய வடிவம் என்ன என்று பார்க்க ஏன் நேரம் ஒதுக்கக் கூடாது? இது பெரிய கோரிக்கை இல்லை.

அம்மிக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஊர் தெரியாத கோளாறு இருக்கிறது. ஆடிக் காற்றில் கல் அம்மி எப்படிப் பறக்கும், அறிவுக்குப் பொருந்தவில்லையே, ஆகவே அம்மை என்கிறீர்கள். ஆடி மாதத்தில் ஒருநாள் தென்காசிப் பக்கமோ கம்பம் பள்ளத்தாக்கிலோ ஆரல்வாய்மொழியிலோ போய் நின்று பாருங்கள். மேற்கு மலையின் கணவாய் இடுக்கில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆளை நடக்கவிடாது, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது, காயப்போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அதை அனுபவித்தவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்கள், அவ்வளவுதான். உயர்வு நவிற்சி அணி என்று இலக்கணத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு, அதே அணியைக் கிராமத்துக் கிழவி பயன்படுத்தினால் மட்டும் பிழை என்கிறோம். இந்தப் பழமொழியை நீட்டியும் சொல்வார்கள்: அம்மியே பறக்கிற காற்றில் எச்சில் இலை எம்மாத்திரம். பெரியவர்களே ஆடிப்போன நெருக்கடியில் சின்னவர்கள் கதி என்ன என்று கேட்கும் பேச்சு அது. அம்மியின் கனமும் எச்சில் இலையின் லேசும் அடுத்தடுத்து நின்றால்தான் அந்தப் பேச்சு நிற்கும். அம்மை நோயை அங்கே வைத்தால் எச்சில் இலைக்கு வேலையே இல்லை.

மண் குதிரையும் அதே மாதிரி. குதிர் என்றால் ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டு என்று அடித்துச் சொல்கிறீர்கள். குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கும் பெரிய மண்கூடு, டெல்டாவில் பழைய வீடுகளில் இன்னும் சிலது நிற்கிறது, தமிழ் அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. அதை வைத்தே ஒரு பழமொழி இருக்கிறதே, 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை'! கடன்காரன் வாசலில் நிற்க, உள்ளே ஒளிந்திருக்கும் அப்பாவைப் பையன் தன் வாயாலேயே காட்டிக்கொடுக்கிற கதை. குதிர் என்றால் என்ன என்று தெரிந்து வைத்திருந்த சனங்களுக்கு மண் குதிரை என்ன என்பதும் தெரியும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவி எடுப்பு என்று ஒரு திருவிழா. வேளார் வீட்டில் குதிரைகளை வனைந்து, சூளையில் சுட்டு, வெள்ளையும் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் தீட்டி, மாலை போட்டு, ஊரே தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தும். தலை தூக்கி, பல் தெரிய, கழுத்தில் மணி மாலையோடு ஏறி உட்கார்ந்தால் பறந்துவிடும் போல நிற்கும். கிட்டே போய் வயிற்றில் விரலை மடக்கித் தட்டினால் கூடு என்று சத்தம் கேட்கும். நாலு மழைக்காலம் போனால் வண்ணம் உரிந்து, காது ஒடிந்து, கால் விரிந்து நிற்கும் பழைய குதிரைகளையும் அதே வரிசையில் பார்க்கலாம். கம்பீரமான தோற்றத்தை நம்பி ஆற்றில் இறங்காதே என்று அந்த ஊர்க்காரன் ஒருவன் சொன்னால் அதில் விளங்காதது என்ன இருக்கிறது?

யானைக்கும் பூனைக்கும் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எளியவனுக்கும் ஒரு காலம் வரும் என்று ஆறுதலாகச் சொல்கிற வார்த்தையை இளமையில் நெய், முதுமையில் தேன் என்று உணவுக் குறிப்பாக்குவது வீண் வேலை. வேலை போன ஒருவரிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பார்த்தால் தெரியும், அவர் எதைப் புரிந்துகொள்கிறார் என்று.

சட்டி விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. கந்த சஷ்டி சமயத்தில் ஒரு கோயில் மண்டபச் சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்வரிசையில் எங்கள் தெருவிலேயே இருக்கிற ஓர் அக்கா, கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை, விரதம் இருக்காத சஷ்டியும் இல்லை. பேச்சாளர் உரத்த குரலில் 'சட்டியில் இல்லைங்க, சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும், அகப்பை என்றால் கருப்பை, நம் முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை' என்றார். கைதட்டல். பக்கத்தில் இருந்த நாலைந்து தலைகள் அக்கா பக்கம் திரும்பின. அவர் மடியில் இருந்த பிரசாதப் பொட்டலத்தின் நூலைப் பிரித்து விரலில் சுற்றினார், மறுபடி பிரித்தார், மறுபடி சுற்றினார். விரதம் அவரவர் நம்பிக்கை, அதைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் விரதம் இருந்தால் பிள்ளை வரும் என்பதை முன்னோர் வாக்காக்கி, இருந்தும் வராதவரைச் சபையில் குனிய வைக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? அகப்பை என்றால் சிரட்டையில் காம்பு செருகிய கரண்டி. 'அகப்பை குறைந்தால் கொழுப்பெல்லாம் அடங்கும்' என்று இன்னொரு பழமொழி இருக்கிறது, அங்கே கருப்பையை வைத்துப் பாருங்கள், எவ்வளவு அபத்தமாகப் போகும். எங்கள் வீட்டில் யாராவது தேர்வில் மதிப்பெண் குறைந்து வந்தால் பாட்டி சோறு பரிமாறிக்கொண்டே 'சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்' என்பார். திட்டு, வருத்தம், ஒரு பிடி பாசம் எல்லாம் அதில் இருக்கும். உள்ளே இருப்பதுதான் வெளியே வரும் என்று எல்லோருக்கும் பிடிபட்டது.

தொல்காப்பியர் இதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். 'குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி' என்று செய்யுளியலில் வருகிறது. ஒருவர் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிக்க, காரணமாகத் துணைக்கு வருவதுதான் முதுமொழி. ஆகவே ஒரு பழமொழிக்கு என்ன பொருள் என்று கேட்டால், அதை யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எழுத்தைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்தால் அது புதிர் விளையாட்டு. விளையாட்டாகச் சொல்லி விளையாட்டு என்றே அறிவித்தால் எனக்கும் ரசிக்கத் தெரியும். சிலேடை நம் மொழியின் பெருமைகளில் ஒன்று. அதை 'உண்மை' என்று பெயரிட்டு, உயிரோடிருக்கும் வழக்கைப் 'பொய்' ஆக்கும்போதுதான் வம்பு.

பழமொழி கெட்டுப்போய்விட்டது என்ற உங்கள் பயத்துக்கும் பெரிதாக ஆதாரம் இல்லை. பதினெண்கீழ்க்கணக்கில் முன்றுறை அரையனார் செய்த பழமொழி நானூறு இருக்கிறது, பாட்டுக்கு ஒரு பழமொழி. 'நுணலும் தன் வாயால் கெடும்' என்கிறார். நுணல் என்ற சொல் வழக்கொழிந்தது, சனங்கள் தவளை என்று மாற்றிக்கொண்டார்கள், பிராணியும் மாறவில்லை பொருளும் மாறவில்லை. 'பாம்பறியும் பாம்பின கால்', 'நிறைகுடம் நீர் தளும்பல் இல்', 'தனிமரம் காடாதல் இல்', எதையாவது இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறதா? 'நாய் பெற்ற தெங்கம்பழம்' என்கிறார், நாய்க்குக் கிடைத்த முழுத்தேங்காய் இன்றும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. எழுதப்படிக்கத் தெரியாத வாய்கள்தான் இவற்றை ஆயிரம் ஆண்டுக்கு மேல் தூக்கி வந்து நம் கையில் கொடுத்தன. அருகனை வாழ்த்தி நூல் தொடங்கிய அந்தப் புலவர் நாயையும் பாம்பையும் தவளையையும் கண்டு கூசவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் திருத்துகிற பட்டியலைப் பாருங்கள்: கழுதை போகிறது, பூனை போகிறது, சோற்றுச் சட்டி போகிறது. வருவது மூலிகை, விரதம், தேன். சமையலறையும் தொழுவமும் சந்தையும் பேசிய பேச்சிலிருந்து அந்த இடங்களையே துடைத்துவிடுகிறீர்கள்.

காலத்தையும் துடைக்கிறீர்கள். 'வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை' என்பதை வாக்குக் கற்றவன், போக்குக் கற்றவன் என்று மாற்றி இரு தொழிலையும் உயர்த்திப் பேசுகிறீர்கள். அந்தப் 'போலீஸ்' என்ற ஒரு சொல்லே எவ்வளவு சொல்கிறது! சென்னை மாகாணத்தில் இன்றைய வடிவில் போலீஸ் அமைப்பு வந்தது 1859ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. ஆக இது முன்னோர் என்று நீங்கள் கைகாட்டும் புகைமூட்டமான காலத்துச் சொல் ஆகாது, வெள்ளைக்காரன் ஆட்சியில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்த கடைநிலைக் காவலரையும், நெல்லும் காய்கறியும் கூலியாக வாங்கிய திண்ணைப் பள்ளி வாத்தியாரையும் ஊர் எப்படிப் பார்த்தது என்ற பதிவு. அது நியாயமான பார்வை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் பார்த்தார்கள் என்பது வரலாறு.

இங்கேதான் நீங்கள் சொல்லும் முக்கியமான காரணம் வருகிறது. நம் முன்னோர் இவ்வளவு மோசமாகவா பேசியிருப்பார்கள், வேறு நல்ல பொருள் இருந்திருக்கும் என்கிறீர்கள். அன்பில் இருந்து வருகிற வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெண்புத்தி பின்புத்தி என்று சொல்லி வீட்டில் பெண்களின் வாயை அடைத்தது நடந்த கதை. அதைப் 'பின்னால் வருவதை முன்னாலேயே அறியும் புத்தி' என்று திருப்பிவிட்டால், அடைபட்ட வாய்களுக்கு என்ன பதில்? அவர்களைத் திட்டவே இல்லை, நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்றா? 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்பதை எந்தச் சிலேடையாலும் காப்பாற்ற முடியாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் பழமொழிகள் பழைய தொகுப்புகளில் ஏராளம், அவற்றை இங்கே எடுத்து எழுதக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவை தொகுப்பில் அப்படியே இருக்கட்டும், இந்தச் சமூகம் என்னென்ன சொன்னது என்பதற்குச் சாட்சியாக. நம் பேச்சிலிருந்து அவை ஒழியட்டும்.

பழமொழி சொன்னால் தலையாட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அகநானூற்றின் 101ஆம் பாட்டில் தலைவனைப் பிரிந்த ஒருத்தி தோழியிடம் கேட்கிறாள்: இப்பிறப்பில் நன்மை செய்தால் தீமை வராது என்னும் 'தொன்றுபடு பழமொழி இன்று பொய்த்தன்று கொல்'? அந்தக் காலத்துக்கே அது பழைய பழமொழி. அவள் அதைப் பிரித்துப் புதுப்பொருள் தேடவில்லை, தன் வாழ்க்கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொய்த்துவிட்டதோ என்று கேட்டாள். அந்தத் தைரியம் நமக்கும் வேண்டும். பிடிக்காத பழமொழியைப் பொய் என்று சொல்லுங்கள், தப்பு என்று சொல்லுங்கள், மேடையில் நின்று கண்டியுங்கள், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன்.

தமிழாசிரியர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். பேச்சுப்போட்டிக்கு வரும் பிள்ளைகள் இந்த 'உண்மைப் பொருள்'களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள், நடுவர்களும் மதிப்பெண் போடுகிறார்கள். அதற்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் போய் அவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழியைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். யாரைப் பார்த்துச் சொன்னார், எந்தச் சண்டையில், எந்தச் சாவு வீட்டில், எந்த அறுவடையில், அவருக்கு யார் சொல்லிக் கேட்டது, எந்த ஊர். காணொளி நண்பர்களே, உங்களிடம் ஒலிவாங்கி இருக்கிறது, நீங்கள் இதை இன்னும் நன்றாகச் செய்யலாம், அந்தக் குரலையே பதிந்து போடலாம். தென்காசிப் பாட்டி ஒரு மாதிரியும் மட்டக்களப்பு அம்மம்மா வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் போடுங்கள். கெட்ட வார்த்தை வந்தால் அதுவும் இருக்கட்டும், எங்கேயும் திருத்த வேண்டாம்.